ஃபேன் வைத்த போன் வாங்கலாமா?

செல்போன் சர்வீஸ் மேஜையிலிருந்து வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பரீட்சை முடிந்தால் போதும், இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் கேமராவும் பேட்டரியும் பின்னால் போய், கேம் முன்னால் வந்து நின்றுகொள்கிறது. பிள்ளைகள் ‘எந்த போன் வாங்க’ என்கிறார்கள். பெற்றவர்கள் ‘எப்படி நிறுத்த’ என்கிறார்கள். இந்த இதழில் இரண்டு தரப்புக்கும் பதில் இருக்கிறது.

*

அண்ணே, கையில் 30 ஆயிரம் ரூபாய் இருக்கிறது. பப்ஜியின் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ விளையாட ‘கேமிங் போன்’தான் வேண்டும் என்று கடைக்காரர் அடித்துச் சொல்கிறார். சாதாரண போனுக்கும் அதற்கும் உள்ளே அப்படி என்னதான் வித்தியாசம்?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

சூடு, தம்பி. வித்தியாசம் அங்கேதான்.

ஒரே ஆண்டில் வெளிவரும் விலை உயர்ந்த போன்களை எடுத்துக்கொள்ளுங்கள். கேமிங் போனில் இருக்கும் அதே ஸ்னாப்டிராகன் சிப்தான் மற்ற உயர்ரகப் போன்களிலும் இருக்கும். முதல் ஐந்து நிமிடம் இரண்டும் ஒரே வேகத்தில்தான் ஓடும். கால் மணி நேரம் கழித்துத்தான் குட்டு வெளிப்படும். சிப் ஓர் அளவுக்கு மேல் சூடானால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். திரை வெளிச்சமும் இறங்கும். எதிரி முன்னால் நிற்கும் நேரம் பார்த்துப் படம் ஒரு நொடி நின்று நின்று வரும். ‘லேக் அடிக்குது’ என்று நாம் டவரைத் திட்டுவோம். திட்டுவதற்கு முன் திரை மூலையில் பிங் எண்ணை, அதாவது நெட்டின் தாமதத்தைக் காட்டும் எண்ணைப் பாருங்கள். பிங் பச்சையில் இருந்தும் படம் திக்குகிறது என்றால், டவர் மேல் பழி போடாதீர்கள். போன் சூடேறிக் கிடக்கிறது என்று அர்த்தம்.

நல்ல கேமிங் போனின் பின்மூடியைக் கழற்றினால் முதலில் சூட்டைப் பரப்பும் கறுப்பு கிராஃபைட் தாள் தெரியும். அதற்கடியில் சன்னமான செம்புத் தகடு. இதை வேப்பர் சேம்பர் என்பார்கள். தகடு என்று சொன்னாலும் உள்ளே வெற்றிடம், அதில் துளித் தண்ணீர். சிப் இருக்கும் பக்கம் தண்ணீர் ஆவியாகி, குளிர்ந்த பக்கம் போய் மறுபடி நீராகித் திரும்பும். இட்லிக் கொப்பரை மூடியில் ஆவி முத்து முத்தாக வழிகிறதே, அதே வேலைதான். சூடு ஓரிடத்தில் குவியாமல் போன் முழுக்கப் பரவும். நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசில் பெரும்பகுதி இதற்குத்தான். மீதி, சுடுவதற்கென்று ஓரத்தில் வைக்கும் டிரிகர் பட்டன்களுக்கும் பின்னால் எரியும் வண்ண விளக்குக்கும் போகிறது. விளக்கால் ஒரு கில் கூட விழாது.

அண்மையில் ஒரு பையன் ‘பத்து நிமிஷத்துல கொதிக்குது’ என்று போனைக் கொண்டுவந்தான். பிரித்தால், வேறெங்கோ டிஸ்ப்ளே மாற்றியிருக்கிறார்கள். கிராஃபைட் தாளைக் கிழித்து எடுத்தவர் திரும்ப ஒட்டவில்லை. சிப் மேலிருந்த, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிர்ந்தது. பேஸ்ட் தடவி, தாள் ஒட்டி, மூடிக் கொடுத்தேன். புதுப் போன் வாங்கித் தரச் சொல்லி வீட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்தவன், சில நூறு ரூபாயில் சமாதானமாகிப் போனான்.

உங்கள் 30 ஆயிரத்துக்கு ‘கேமிங்’ என்று பெட்டியில் அச்சடித்த போன் வேண்டாம். நல்ல சிப்பும் பெரிய வேப்பர் சேம்பரும் உள்ள சாதாரண போன் போதும். 2018 ஆகஸ்டில் போகோ எஃப்1 வந்ததே, நினைவிருக்கிறதா? அந்த வருடத்தின் உச்ச சிப்பான ஸ்னாப்டிராகன் 845, கூடவே குளிர்விக்கும் செம்புக் குழாய், விலை 20,999 ரூபாய். பிளாஸ்டிக் உடம்புதான், பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் நம் ஊரில் நிஜமான கேமிங் போன் அதுதான். வாங்கும் முன் அதே மாடல் வைத்திருக்கும் நண்பனிடம் கேட்டு அரை மணி நேரம் விளையாடிப் பாருங்கள். கடைக்காரர் காட்டும் இரண்டு நிமிட டெமோவில் எந்த போனும் சிங்கம்தான்.

*

போனுக்குள்ளேயே ஃபேன் சுற்றும் மாடல் ஒன்று பார்த்தேன். வாங்கலாமா? தூசி உள்ளே போகாதா?
– வாசகர், ஓசூர்

ஃபேனை உள்ளே வைத்து முதலில் வந்தது 2019-இல் வெளியான நூபியாவின் ரெட் மேஜிக் 3. நிமிடத்துக்கு 14,000 சுற்று வரை ஓடும் குட்டி ஃபேன். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். அந்தப் பாதையைப் போர்டிலிருந்து தனியாக அடைத்திருப்பதால் தூசி சிப் மேல் போய் உட்காராது. பாதைக்குள் சேரும், அவ்வளவுதான். வேலையில் குறை சொல்ல முடியாது. வேகத்தைக் கடைசி வரை பிடித்து வைக்கிறது.

என் தயக்கம் வேறு. ஃபேன் என்பது சுற்றும் பொருள், சுற்றும் பொருள் ஒருநாள் தேயும். அன்றைக்கு அந்த ஃபேனும், அந்த மாடலுக்கான டிஸ்ப்ளேவும் உங்கள் ஊரில் கிடைக்குமா? அதிகம் விற்காத போன்களுக்கு ஸ்பேர் தேடி, சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவிலேயே கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. தினமும் சில மணி நேரம் போட்டிக்குப் பயிற்சி எடுப்பவர் வாங்கட்டும். பஸ்ஸில் போகும்போது ஒரு மேட்ச் போடுபவருக்கு எதற்கு?

*

சூடு குறைய போனை ஃப்ரிட்ஜில் பத்து நிமிடம் வைத்தால் என்ன?
– பிளஸ் டூ மாணவர், கும்பகோணம்

வெளியே எடுத்ததும் உள்ளே வியர்க்கும். சிம் டிரே பக்கத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கிறது, ஈரம் பட்டால் சிவப்பாகிவிடும். வாரன்டி அதோடு போச்சு. ஃப்ரிட்ஜில் பால் இருக்கட்டும்.

*

விளம்பரத்தில் 144 ஹெர்ட்ஸ், 165 ஹெர்ட்ஸ், டச் சாம்ப்ளிங் 720 என்றெல்லாம் போடுகிறார்கள். எண் பெரிதாக இருந்தால் நல்லதுதானே?
– மென்பொருள் ஊழியர், சேலம்

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு படத்தை 16.6 மில்லி செகண்டுக்கு ஒருமுறை மாற்றும். 120 ஹெர்ட்ஸ் என்றால் 8.3. அதாவது பாதி நேரம். இதைக் கண் உடனே உணரும். 144 என்றால் 6.9, 165 என்றால் 6.06. எண் ஏற ஏற மிச்சமாகும் நேரம் சுருங்கிக்கொண்டே போகிறது பாருங்கள். 60-இலிருந்து 120-க்குப் போவது பெரிய மாற்றம். 144-இலிருந்து 165-க்குப் போவது பெட்டியில் அச்சடிக்க மட்டும்.

டச் சாம்ப்ளிங் என்பது வேறு கணக்கு. உங்கள் விரல் எங்கே இருக்கிறது என்று திரை நொடிக்கு எத்தனை முறை பார்க்கிறது என்பது. சுட வேண்டும் என்று தொட்டதற்கும் துப்பாக்கி வெடிப்பதற்கும் இடையில் உள்ள தாமதத்தை இது கொஞ்சம் குறைக்கும். ஆனால் கடைசியில் எல்லாம் கேமின் கையில். திரை 120 ஹெர்ட்ஸாக இருந்தும், அந்த போனுக்கு அந்த கேம் நொடிக்கு 60 படம், அதாவது 60 ஃப்ரேம்தான் கொடுக்கிறது என்றால் மீதித் திறன் சும்மா கிடக்கும். பிஜிஎம்ஐயில் 90, 120 ஃப்ரேம் எல்லா போனிலும் திறக்காது. செட்டிங்கில் அந்த வரி இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

*

ஐயா, நான் ஓய்வு பெற்ற தொலைபேசித் துறை ஊழியன். செல்போனில் வந்த முதல் விளையாட்டு நோக்கியாவின் பாம்புதான் என்று பேரனிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன். ஜெயிப்பேனா?
– வாசகர், திருநெல்வேலி

பந்தயப் பணத்தை எடுத்து வைத்துவிடுங்கள் ஐயா. 1994-இலேயே ஹாகனுக் என்ற நிறுவனத்தின் எம்டி-2000 போனில் டெட்ரிஸ் வந்துவிட்டது. அதே வருடம் விற்பனைக்கு வந்த ஐபிஎம் சைமன் என்ற தொடுதிரை போனிலும் கட்டங்களை நகர்த்தும் ஒரு புதிர் விளையாட்டு இருந்தது. பாம்பு வந்தது 1997-இல், நோக்கியா 6110 போனில். எழுதியவர் பின்லாந்துக்காரர், நோக்கியாவின் பொறியாளர் டனெலி அர்மாண்டோ.

ஆனாலும் பேரனிடம் தலை நிமிர்ந்து ஒன்று சொல்லலாம். அந்த 6110-இலேயே இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, இன்ஃப்ராரெட் வழியாக இரண்டு போனையும் இணைத்துப் பாம்பு விளையாட முடிந்தது. இவர்கள் இன்றைக்கு ‘மல்டிபிளேயர்’ என்று பீற்றிக்கொள்வது அன்றைக்கே இருந்தது.

நம் ஊரில் பாம்பைப் பரப்பியது 6110 இல்லை, அது பணக்காரர் போன். 3310-உம், 2003-இல் வந்த 1100-உம்தான் பரப்பின. டார்ச் விளக்கு வைத்த அந்த 1100 உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. அதில் பாம்பு 2-உம் ஸ்பேஸ் இம்பாக்டும் உண்டு. நான் தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் சர்வீசுக்கு வரும் 1100-ஐக் கையில் வாங்கியதும் கீபேடைத்தான் பார்ப்பேன். 2, 4, 6, 8 நான்கு எண்ணும் அழிந்து, மற்றவை பளிச்சென்று இருந்தால் அது பாம்பு வளர்த்த போன். பாம்பைத் திருப்பும் பட்டன்கள் அவை. உரிமையாளர் ‘நான் விளையாடுறதே இல்லீங்க’ என்பார். ரப்பர் வேறு சொல்லும். அடியில் கார்பன் தேய்ந்து 2 வேலை செய்யாவிட்டால் நம்பர் போட முடியாது, பாம்பும் மேலே திரும்பாது. இரண்டில் எதற்காகக் கடைக்கு ஓடி வந்தார்கள் என்று நான் கேட்டதில்லை.

*

பழைய சாமான் ஒதுக்கும்போது அண்ணனின் நோக்கியா என்-கேஜ் கிடைத்தது. வேலை செய்யுமா? இதைத்தான் முதல் கேமிங் போன் என்கிறார்களே, அப்புறம் ஏன் ஓடவில்லை?
– வாசகி, கோயம்புத்தூர்

தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதலில் வந்த என்-கேஜுக்கு பிஎல்-5சி பேட்டரி போதும். எஃப்எம் ரேடியோவுக்குப் போடுகிறார்களே, அதே பேட்டரிதான். எந்தக் கடையிலும் கிடைக்கும். போட்டுப் பாருங்கள், உயிர் வர நல்ல வாய்ப்பு இருக்கிறது.

ஏன் ஓடவில்லை என்ற கேள்விக்கு அதைக் கையில் வைத்துக்கொண்டே பதில் படியுங்கள். 2003 அக்டோபரில் வந்தது. அமெரிக்காவில் 299 டாலர். கையில் பிடிக்க விளையாட்டுக் கருவி, காதில் வைக்க போன், இரண்டும் ஒன்றில் என்பது யோசனை. நல்ல யோசனைதான். இப்போது கேம் கார்டை மாற்றிப் பாருங்கள். போனை அணைக்க வேண்டும், பின்மூடியைக் கழற்ற வேண்டும், பேட்டரியை உருவ வேண்டும், அதற்கு அடியில்தான் கார்டு! ஒரு கேமிலிருந்து இன்னொரு கேமுக்குப் போக இத்தனை வேலை. அழைப்பு வந்தால் இன்னும் வேடிக்கை. ஸ்பீக்கரும் மைக்கும் ஓரத்தில் இருப்பதால் போனைப் படுக்கையாகப் பிடித்து அதன் விளிம்பைக் காதில் வைக்க வேண்டும். பார்த்தவர்கள் சிரித்தார்கள். படங்கள் இணையம் முழுக்கச் சுற்றின. திரை வேறு நெட்டாக இருந்தது. பந்தயக் கார் ஓட்டவும் கால்பந்து ஆடவும் அகலம்தானே வேண்டும்? அடுத்த வருடமே என்-கேஜ் க்யூடி என்று திருத்திக் கொண்டுவந்தார்கள். கார்டு வெளியிலிருந்தே போடலாம், நேராகவும் பேசலாம். பெயர் கெட்டது கெட்டதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. அதே காலத்தில் ஜாவா கேம்கள் எல்லா போனிலும் ஓடத் தொடங்கிவிட்டன. நம் ஊரில் ‘சாங்ஸ் ஏற்றித் தரப்படும்’ என்று போர்டு வைத்த கடைகளில் பத்து ரூபாய்க்கு மெமரி கார்டு நிறையப் பாட்டும், கொசுறாக நாலு கேமும் கிடைத்தன. 176க்கு 208 திரைக்கு எழுதிய கேமை 240க்கு 320 போனில் போட்டால் நடுவில் தபால்தலை அளவுக்கு ஓடும். யாரும் புகார் சொல்லவில்லை. இருக்கிற போனில் ஓடுகிறது என்றால் யார் தனியாக ஒன்று வாங்குவார்கள்?

2011-இல் சோனி எரிக்சன் இதே கதவைத் தட்டிப் பார்த்தது. எக்ஸ்பீரியா பிளே என்ற போனில் திரையைத் தள்ளினால் அடியிலிருந்து பிளேஸ்டேஷன் பட்டன்கள் வரும். அழகான கருவி. அப்போது உலகமோ, 2009 டிசம்பரில் வந்த ஆங்ரி பேர்ட்ஸில் ஒற்றை விரலால் குருவியை இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. பட்டன்களைக் கேட்க ஆளில்லை.

*

ரேசர் போனைத் தொடங்கியவர் எங்கள் ஊர்க்காரர் என்று இங்கே பெருமையாகப் பேசுவோம். இப்போது அந்த போனைக் காணவே காணோமே?
– வாசகர், சிங்கப்பூர்

உங்கள் ஊர்க்காரர்தான், மின்-லியாங் டான். சட்டம் படித்தவர், கம்ப்யூட்டர் விளையாட்டுக்காரர்களுக்கு மவுஸ் விற்று வளர்ந்தவர். 2017 ஜனவரியில் நெக்ஸ்ட்பிட் என்ற சின்ன போன் நிறுவனத்தை வாங்கினார், நவம்பரில் ரேசர் போன் வந்துவிட்டது. இன்றைய கேமிங் போன் வரிசை அதிலிருந்துதான் தொடங்குகிறது என்பேன். 120 ஹெர்ட்ஸ் திரையை ஜப்பானில் ஷார்ப் அதற்கு முன்பே போட்டிருந்தாலும், அதை உலகம் பேச வைத்தது ரேசர்தான். 2018 அக்டோபரில் இரண்டாவது போன் வந்தது. மூன்றாவது வரவே இல்லை.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. 2018 ஏப்ரலில் ஷாவ்மியின் ஆதரவோடு பிளாக் ஷார்க், அதே மாதம் ரெட் மேஜிக், ஜூனில் தைபேயில் நடந்த கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியில் அசூஸின் ராக் போன். இந்தக் கூட்டத்தில் யோசித்துச் செய்தது ராக் போன்தான். படுக்கையாகப் பிடித்து விளையாடும்போது அடியிலிருக்கும் சார்ஜர் வயர் உள்ளங்கையைக் குத்தும் இல்லையா? பக்கவாட்டிலும் ஒரு போர்ட் வைத்தார்கள். ஓரத்தில் அழுத்தத் தேவையில்லாமல் தொட்டாலே போதும் என்கிற டிரிகர்கள். 2019-இல் வந்த இரண்டாவது மாடலில் 6,000 எம்ஏஎச் பேட்டரி, இந்தியாவில் விலை 37,999-இல் தொடங்கியது. முதல் மாடல் 69,999 ரூபாய்க்கு விற்றது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றுக்குப் பிறகு நேராக ஐந்து. நான்கு ராசியில்லாத எண் என்று கருதும் தைவானிலிருந்து வரும் போன் அல்லவா?

2020-இல் லெனோவோ லீஜன் என்று இறங்கியது. செல்ஃபி கேமராவைத் தலையில் வைக்காமல் நீளவாக்கில் பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்கும்படி வைத்திருந்தார்கள். விளையாடுபவர் முகத்தை நேரலையில் காட்டத்தான். 2023-இல் கடையை மூடிவிட்டார்கள்.

ஏன் இப்படி ஒவ்வொன்றாக ஓய்கின்றன என்றால், இவர்களின் பெருமை எதுவும் இவர்களிடமே தங்கவில்லை. 2020-இல் சாம்சங் எஸ்20 வரிசை 120 ஹெர்ட்ஸுக்கு வந்துவிட்டது, 2021-இல் ஐபோன் 13 ப்ரோவும் வந்துவிட்டது. பெரிய பேட்டரியும் வேப்பர் சேம்பரும் இப்போது நடுத்தர விலையிலேயே கிடைக்கின்றன. 2024 ஜனவரியில் வந்த ராக் போன் 8-ஐப் பாருங்கள். இளைத்து, ஆர்ப்பாட்டம் குறைந்து, பார்க்கச் சாதாரண போனாகிவிட்டது.

சாதாரண போன்காரர்களும் யோக்கியம் என்று சொல்லவரவில்லை. 2022 மார்ச்சில் சாம்சங் மாட்டிக்கொண்ட கதை தெரியுமல்லவா? கேம் ஆப்டிமைசிங் சர்வீஸ் என்ற மென்பொருள், கேம்களைத் திறந்தால் வேகத்தைக் குறைத்துவிடும். வேகத்தை அளந்து மதிப்பெண் போடும் ஆப்களைத் திறந்தால் குறைக்காது. குட்டு உடைந்ததும் அப்படி மதிப்பெண் போடும் ஆப்களில் ஒன்றான கீக்பெஞ்ச் தன் பட்டியலிலிருந்து எஸ்22 உட்பட நான்கு தலைமுறை எஸ் வரிசை போன்களை நீக்கியது. காரணம் என்ன? திரும்பவும் சூடுதான். சன்னமான உடம்பில் பெரிய சிப்பை அடைத்தால் எங்கேயாவது ஒளிக்கத்தான் வேண்டும்.

*

24 ஜிபி ரேம் போன் வந்திருக்கிறதே, கேமுக்கு அவ்வளவு தேவையா? என் போனில் ‘8+8’ என்று காட்டுகிறது.
– வாசகர், தஞ்சாவூர்

பெரிய கேம்களுக்கு 8 போதும், 12 தாராளம். பின்னால் வரும் அந்த ‘+8’ ரேமே இல்லை. உங்கள் ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கிய இடம். ரேமின் வேகம் அதற்கு வராது. செட்டிங்கில் அணைத்துவிடுங்கள், இடமாவது மிஞ்சும்.

*

சார்ஜ் போட்டுக்கொண்டே விளையாடுவேன். இப்போது போனின் முன்கண்ணாடி ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பசை போட்டு ஒட்டிவிடலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

ஒட்டாதீர்கள், அழுத்தாதீர்கள், இந்த நிமிடமே சார்ஜரைக் கழற்றுங்கள். உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. கண்ணாடியைத் தூக்குவது அதுதான். அமுக்கினால் உள்ளே இருக்கும் சன்னப் படலம் கிழிந்து தீப்பிடிக்கும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொண்டு வருபவர்களை நான் கடைக்குள் விடுவதில்லை, வாசலிலேயே வாங்கிக்கொள்வேன். போனை அணைத்து, தலையணைக்கும் படுக்கைக்கும் தூரத்தில் தரையில் வைத்து, முடிந்தவரை சீக்கிரம் கடைக்குக் கொண்டுபோங்கள்.

விளையாடும்போது சிப் சூடு ஒரு பக்கம், சார்ஜ் ஏறும் சூடு ஒரு பக்கம், நடுவில் பேட்டரி மாட்டிக்கொள்கிறது. லித்தியம் பேட்டரிக்குச் சூட்டைவிடப் பெரிய எதிரி இல்லை. அதிலும் 100 சதவீதத்தில் நிற்கும்போது சுட்டால் சீக்கிரம் கிழடாகும். அடுத்த போன் வாங்கும்போது பைபாஸ் சார்ஜிங் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் சார்ஜரிலிருந்து வரும் கரண்ட் பேட்டரிக்குள் போகாமல் நேராகப் போர்டுக்குப் போகும். கேமிங் போன்கள் கொண்டுவந்த வசதிகளில் நான் முழு மனதோடு பாராட்டுவது இதைத்தான். இல்லாத போனா? கவரைக் கழற்றிவிட்டு விளையாடுங்கள், 20 சதவீதத்தில் நிறுத்துங்கள், சார்ஜ் ஏறும் நேரம் கண்ணுக்கும் ஓய்வு.

*

எட்டாம் வகுப்பு படிக்கும் மகன், அவன் அப்பா போனில் இரண்டு நாளில் 6,000 ரூபாய்க்கு, கேமுக்குள் செலவழிக்கும் ‘டைமண்ட்’ வாங்கிவிட்டான். பணம் திரும்புமா? அடித்துவிட்டேன், மனசு கேட்கவில்லை.
– தாய், கரூர்

அம்மா, முதலில் பணம். கூகுள் பிளே வழியாக வாங்கியிருந்தால், வாங்கிய 48 மணி நேரத்துக்குள் பிளே ஸ்டோரின் ஆர்டர் ஹிஸ்டரிக்குப் போய் ரீஃபண்ட் கேட்கலாம். குழந்தை தெரியாமல் வாங்கியது என்ற காரணமும் அங்கே உண்டு. கிடைக்கும் என்று உறுதி தர மாட்டேன், கேட்காமல் விடக்கூடாது. நேரம் கடந்திருந்தாலும் ஒருமுறை எழுதுங்கள்.

அடுத்து, பூட்டு. பிளே ஸ்டோர் செட்டிங்கில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். பிள்ளையின் கைரேகையை அப்பா போனில் ஏற்றியிருந்தால் நீக்கிவிடுங்கள். யூபிஐ பின் நம்பரை இன்றே மாற்றுங்கள். பெட்டிக்கடையில் பால் வாங்க அவனையே பின் போடச் சொல்லும் வீடுகள் ஏராளம், பழியைப் பிள்ளை மேல் மட்டும் போடுவதில் நியாயமில்லை. பையன்கள் ரீடீம் கோட் என்ற, பணத்துக்குப் பதிலாகப் போடும் குறியீட்டை வேறு ஆப்களில் வாங்கி வந்து போடுவதும் உண்டு. வங்கிச் செய்திகளைப் படிக்கும் பழக்கம் பெரியவர்களுக்கு வேண்டும். அவனுக்கென்று தனிப் போன் இருந்தால், பிள்ளைகளின் போனைப் பெற்றவர்கள் கட்டுப்படுத்தும் கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப் போட்டு நேரத்தையும் அளவாக்கலாம்.

இந்த ‘டைமண்ட்’ வியாபாரம் எப்போது வந்தது தெரியுமா? தொடக்கத்தில் கேம் என்றால் ஒரு விலை கொடுத்து வாங்குவது. 2009 அக்டோபரில் ஆப்பிள், இலவச ஆப்களுக்குள்ளும் பொருள் விற்கலாம் என்று அனுமதித்தது. அதற்குப் பிறகு விலை போட்டு விற்றவர்களைவிட இலவசமாகக் கொடுத்தவர்கள் அதிகம் சம்பாதித்தார்கள். 2012-இல் வந்த கிளாஷ் ஆஃப் கிளான்ஸும் கேண்டி க்ரஷும் அந்தப் பாதையில் கோடிகளைக் குவித்தவை. ‘காத்திரு, இல்லையென்றால் காசு கொடு’ என்பதுதான் கட்டமைப்பு. படித்த பெரியவர்களே அதில் விழுகிறார்கள். பதின்மூன்று வயதுப் பையன் விழுந்ததற்கு அடி தேவையில்லை அம்மா.

பழக்கமா, நோயா என்ற பயம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் கட்டுமீறிய கேம் பழக்கத்தைச் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அதிகம் விளையாடுவதே நோய் என்று அவர்கள் சொல்லவில்லை. கட்டுப்படுத்த முடியாமை, சாப்பாடு, தூக்கம், பள்ளி எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அதையே பிடித்துக்கொள்வது, கெடுதல் தெரிந்தும் விடாதது, இவை பொதுவாக ஓராண்டு போல் நீடித்தால்தான் அப்படிப் பார்க்கிறார்கள். இரண்டு நாள் டைமண்ட் அந்தக் கணக்கில் வராது. தூக்கமும் படிப்பும் குலைந்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். நான் போன் பிரிப்பவன், இதற்கு மேல் சொல்லக்கூடாது.

*

பப்ஜி, ஃப்ரீ ஃபயர், பிஜிஎம்ஐ... எது தடை, எது இருக்கிறது என்றே குழப்பமாக இருக்கிறது. ஏன் நம் நாட்டில் மட்டும் இத்தனை கலாட்டா?
– ஆசிரியர், தூத்துக்குடி

வரிசையாகப் பார்த்தால் குழப்பம் இருக்காது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, டேட்டா மலிந்தது. பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே பெரிய திரை போன்கள் வீடு வீடாக நுழைந்தன. அந்த நேரம் பார்த்து 2018 மார்ச்சில் பப்ஜி மொபைல் உலகம் முழுக்க வெளியானது. நூறு பேர் ஒரு தீவில், மைக்கில் நண்பர்களோடு பேசிக்கொண்டே. வெளிநாட்டில் இதற்குக் கம்ப்யூட்டரோ கன்சோலோ வேண்டும். நம் பையன்களுக்குக் கையிலிருந்த போனே போதுமானதாக இருந்தது. அதற்கும் வழியில்லாத மலிவு போன்களில் ஃப்ரீ ஃபயர் ஓடியது. ஐம்பது பேர், பத்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். சிங்கப்பூரின் கரீனா வெளியிட்டது.

கலாட்டா 2019-லேயே ஆரம்பம். அந்த மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் பப்ஜிக்குக் காவல்துறை தடை போட்டு, விளையாடிய மாணவர்களைக் கைதுகூடச் செய்தார்கள். ஆனால் நாடு தழுவிய தடைக்குக் காரணம் பிள்ளைகள் இல்லை, எல்லைப் பிரச்சினை. 2020 செப்டம்பர் 2 அன்று 118 சீனத் தொடர்புள்ள ஆப்களைத் தடுத்தபோது, டென்சென்ட் வெளியிட்ட பப்ஜி மொபைலும் போனது. தென் கொரியாவின் கிராஃப்டன் நேரடியாக இறங்கி, 2021 ஜூலை 2 அன்று பிஜிஎம்ஐயைக் கொண்டுவந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயருக்குத் தடை. ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற இன்னொரு வடிவம் மட்டும் தப்பித்தது. அதே ஆண்டு ஜூலை 28 அன்று பிஜிஎம்ஐயும் ஸ்டோர்களிலிருந்து காணாமல் போனது. 2023 மே மாதம் திரும்பி வந்தது, அப்போது நிபந்தனைகளோடு: 18 வயதுக்குக் கீழே நாளுக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6. பையன்கள் அப்பா நம்பரில் உள்ளே போய்விடுவார்கள் என்பது வேறு விஷயம்.

*

ஆன்லைன் ரம்மியும் மொபைல் கேம்தானே? அதை ஏன் உங்கள் பகுதியில் எழுதுவதில்லை?
– வாசகர், விருதுநகர்

பணம் கட்டி ஆடுவதை நான் கேம் கணக்கில் சேர்ப்பதில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் அப்படித்தான் பிரித்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை, அதாவது போட்டியாக நடத்தும் வீடியோ கேம்களை, விளையாட்டாக அங்கீகரிக்கிறது. உங்களுக்கு இன்னும் ‘போனஸ்’ லிங்க் வாட்ஸ்அப்பில் வந்தால் அழுத்தாதீர்கள்.

*

பழைய ராக் போன் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. என்னென்ன பார்த்து வாங்க வேண்டும்?
– வாசகர், நாகர்கோவில்

முதலில் திரை. வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்து, போனைப் படுக்கவைத்துப் பிடியுங்கள். வலது மேல்மூலையில் சின்னச் சதுரமும், இடது கீழ்ப்பக்கம் வட்டமும் சாயலாகத் தெரிகிறதா? சதுரம் மினிமேப், வட்டம் ஜாய்ஸ்டிக். அமோலெட் திரையில் ஒரே படம் ஒரே இடத்தில் மணிக்கணக்காக நின்றால் அப்படியே பதிந்துவிடும். சாம்பல் நிறப் படத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும். பதிந்தது போகாது, டிஸ்ப்ளே மாற்றுவதுதான் வழி, அந்த விலைக்குப் பேசாமல் வேறு போன் வாங்கலாம்.

அடுத்து பக்கவாட்டு போர்ட். அதன் ரப்பர் மூடி தொலைந்திருந்தால் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், பச்சை பூத்திருந்தால் ஈரம் போயிருக்கிறது. இரண்டு போர்ட்டிலும் சார்ஜர் செருகி அசைத்துப் பாருங்கள், விட்டு விட்டு ஏறக்கூடாது. டிரிகர்கள் இரண்டையும் கேமுக்குள் போய்ச் சோதியுங்கள், மெனுவில் வேலை செய்வதை வைத்து நம்பாதீர்கள். பிறகு விற்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இருபது நிமிடம் ஒரு மேட்ச் ஓட்டுங்கள். பேட்டரி சதவீதம் படிப்படியாக இறங்காமல் 40-இலிருந்து 25-க்குத் தாவினால் பேட்டரி முடிந்துவிட்டது, அதன் விலையைக் கழித்துக் கேளுங்கள். கடைசியாக *#06# அடித்து வரும், ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐஎம்இஐ எண்ணை பில்லோடும் பெட்டியோடும் ஒப்பிட்டு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுத் திருட்டுப் போனா என்று பார்த்துவிடுங்கள். பில் தொலைந்துவிட்டது, பெட்டி மாமா வீட்டில் இருக்கிறது என்று இழுத்தால், அந்த மாமா வீட்டுக்கே போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்து பணம் கொடுங்கள்.